சோத்தாங்கை

"சபையில நல்லாருக்காது மாப்ள" என்று தனுஷ்கோடி சொன்னபோது காளிராஜ் டீ டம்ளரை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தான். எது நல்லாருக்காது என்று உடனே பிடிபடவில்லை. இவ்வளவு நேரமும் பேனரைப் பற்றியல்லவா பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, விமலேஷ் சாரணர் உடுப்பில் சல்யூட் அடிக்கிற படம் நடுவில் வருவதா ஓரத்தில் வருவதா, மாமா படம் வட்டத்துக்குள்ளா சதுரத்துக்குள்ளா என்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். முன்னறையில் ஃபேன் முழு வேகத்தில் சுற்றியும் புழுக்கம் இறங்கவில்லை. சிவகாசி வெயில் சுவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டால் லேசில் வெளியே வராது. சோபாவில் மச்சான், அதாவது மாரீஸ்வரியின் அண்ணன் தனுஷ்கோடி, காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் எபனேசர் சார், பள்ளிக்கூடத்தில் சாரணர் படையை நடத்துகிறவர். மாரீஸ்வரி அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். விமலேஷ் தரையில் சம்மணம் போட்டு, செல்போனில் பேனர் மாதிரிகளை ஒவ்வொன்றாக மாமாவுக்குத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தான். பையனுக்கு ராஷ்டிரபதி விருது வந்திருக்கிறது. சாரணனாகச் சேர்ந்த ஒருத்தன் எட்டக்கூடிய உச்சம் அதுதான், அதற்கு மேல் ஏணியில் படி கிடையாது என்று எபனேசர் சாரே சொல்லியிருக்கிறார். பள்ளிக்கூடத்தில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில், மைக் கரகரக்க, ஒரு நிமிஷம் கைதட்டி முடித்துவிட்டார்கள். அது போதாது என்று தனுஷ்கோடிக்குப் பட்டுவிட்டது. வருகிற ஞாயிறு அவருடைய கல்யாண மண்டபத்தில், சொந்தபந்தம் அத்தனையையும் கூப்பிட்டு, மேடை போட்டு, சாப்பாடு போட்டு, குடும்பமே நடத்துகிற பாராட்டு விழா. மேடையில் என்னென்ன நடக்க வேண்டும் என்று எபனேசர் சார் இப்போதுதான் சொல்லிவந்தார். நான் சான்றிதழை வாசிப்பேன், பையனோட அப்பா மேடைக்கு வருவாங்க, சட்டைப்பையில பதக்கத்தைக் குத்திவிடுவாங்க, அப்புறம் ரெண்டு பேரும் இடது கையால கை குலுக்குவாங்க, அதுதான் எங்க இயக்கத்து வழக்கம். அங்கேதான் மச்சான் நிறுத்தினார். நல்லாருக்காதது பேனர் இல்லை, இடது கை. காளிராஜ் டம்ளரைப் பிடித்திருந்தது அந்தக் கையால்தான். அவனுக்கு இருப்பதும் அது ஒன்றுதான்.

நல்லாருக்காது. இந்தச் சொல்லைக் கண்டுபிடித்தவன் கெட்டிக்காரன். கூடாது என்றால் ஏன் கூடாது என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று மல்லுக்கு நிற்கலாம். நல்லாருக்காது என்பதோடு யார் சண்டை பிடிப்பது? சொல்கிறவருக்கு அதில் ஒன்றுமே இல்லை, பாவம், அவர் நல்லவர், பார்க்கிறவர்களுக்குத்தான் நல்லாருக்காது, அந்தப் பார்க்கிறவர்கள் யாரென்று தேடிப்போனால் ஒருத்தரும் அகப்பட மாட்டார்கள். தனுஷ்கோடியின் மூத்த மகள் கல்யாணத்தில் காளிராஜ் வாசலில் நின்று சந்தனக் கிண்ணத்தை நீட்டப்போனான். மாரீஸ்வரியின் பெரியம்மா எங்கிருந்தோ வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். "நீங்க போய் ஃபேனுக்கடியில உக்காருங்க மாப்ள, நல்லாருக்காது." எவ்வளவு அக்கறை. ஃபேனுக்கடியில் போய் உட்கார்ந்தான். கோயிலில் பூசாரி திருநீற்றைக் கையில் போட வந்து, நீட்டிய கையைப் பார்த்துவிட்டு, ஒரு நொடி யோசித்து நெற்றியிலேயே பூசிவிடுவார். மற்றவர்களுக்கு அது பெரிய மனிதர் மரியாதை என்று தோன்றும். பந்திக்கு உட்கார்ந்தால்தான் தமாஷ். இவன் சாம்பார் சாதத்தைப் பிசைய ஆரம்பித்ததும் பக்கத்து இலைக்காரர் தன் இலையை ஒரு விரற்கடை அந்தப் பக்கம் நகர்த்துவார். நகர்த்துவது தெரியாமல் நகர்த்துவதாக அவருக்கு நினைப்பு. அதற்காகவே காளிராஜ் விசேஷ வீடுகளில் சாப்பிடுவதை விட்டுவிட்டான். வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவான். சொந்தக்காரர்கள் மத்தியில் அவனுக்குத் தீராத வயிற்றுக்கோளாறுக்காரன் என்று பெயர். ஒரு சித்தப்பா நாட்டு மருந்துகூட வாங்கிக் கொடுத்தனுப்பினார், வெறும் வயிற்றில் தேனில் குழைத்து. அதையும் சாப்பிட்டான், வேறென்ன செய்ய.

ஊரில் கைக்குப் பெயர் வைத்திருக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். வலது கை சோத்தாங்கை. இடது கை பீச்சாங்கை. ஒன்று தின்ன, ஒன்று கழுவ. மனுஷப் பிறவிக்கு வேறு வேலையே இல்லாதது மாதிரி. வழி கேட்கிறவனுக்குக்கூட "சோத்தாங்கைப் பக்கம் திரும்பி நேராப் போங்க" என்றுதான் சொல்வார்கள். காளிராஜின் சோத்தாங்கை, விமலேஷ் நடை பழகுகிற வயதில், காலண்டர் சீசனில், அச்சகத்துக் கட்டிங் மெஷினுக்குள் போய்விட்டது. காகிதக் கட்டைச் சரியாகத் தட்டி ஓரம் சேர்த்து வைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். எடுப்பதற்குள் கத்தி இறங்கிவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. வலியைக்கூட அப்புறம்தான் தெரிந்துகொண்டான். முதலில் தெரிந்தது வெட்டின காகிதத்தின் ஓரம் சிவப்பாகிக்கொண்டு போனதுதான், ஐயோ சரக்கு வீணாகிறதே என்று பதறினான். அன்றிலிருந்து மிச்சமிருக்கிற கைக்கு இரண்டு உத்தியோகம். சோறும் அதுதான், கழுவுவதும் அதுதான். டாக்டர்கள்கூட அத்தனை சோப்புப் போட்டிருக்க மாட்டார்கள். ராத்திரியெல்லாம் நோட்டுப்போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அ ஆ எழுதிப் பழகி, அச்சகக் கோடவுனில் பொறுப்பாளாக ஒரு வேலையையும் அந்தக் கை சம்பாதித்துக் கொடுத்தது. சட்டைப் பொத்தான் போடும். பைக்கை மாற்றி அமைத்துக் கொடுத்த பிறகு பைக் ஓட்டும். விமலேஷுக்குச் சிறுவயதில் தலை துவட்டிவிட்டதும் அதுதான். இத்தனை செய்தும் அதற்குப் பெயர் மாறவில்லை.

"அப்படியில்ல அண்ணாச்சி" என்று எபனேசர் சார் சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் பேசும்போது கழுத்தில் ஒரு நரம்பு துடிக்கும், அதைப் பார்த்ததும் எதிராளிக்குத் தெரிந்துவிடும், இவரை அமுக்கிவிடலாம் என்று. "இடது கைப் பக்கந்தான இதயம் இருக்கு. அதுவுமில்லாம, அந்தக் காலத்துல ஆப்பிரிக்காவுல வீரர்கள் இடது கையிலதான் கேடயம் பிடிப்பாங்களாம். அதைக் கீழ போட்டுட்டு இடது கையைக் குடுத்தா, உன்மேல எனக்குப் பயமில்ல, முழு நம்பிக்கைன்னு அர்த்தம். உலகம் பூராவும் சாரணர்கள் இப்படித்தான்." காளிராஜுக்கு இந்தக் கேடயக் கதை தெரியும். விமலேஷ் ஆறாம் வகுப்பில் சாரணர் படையில் சேர்ந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்தான், பையைக்கூடக் கழற்றவில்லை, கழுத்தில் புது ஸ்கார்ஃப். "அப்பா, கை குடுங்க." காளிராஜ் கூச்சத்தோடு இடது கையை நீட்டினான், யாராவது கை கேட்டால் வருகிற அந்தக் கூச்சம், மன்னிச்சுக்கங்க என்று முகத்தில் எழுதி ஒட்டிக்கொண்டு நீட்டுவது. பையனும் இடது கையையே நீட்டினான். கை கையோடு சரியாகப் பொருந்தியது. மற்றவர்கள் வலது கையால் அவனுடைய இடது கையைப் பிடிக்கிறபோது கட்டைவிரல் எங்கோ இடிக்கும், ஒரு கோணல் வந்துவிடும். இது கோணாமல் போய் உட்கார்ந்தது. "நிஜமாவா? உங்க சார் சொன்னாரா?" என்று கேட்டான். "ஆமாப்பா, வலது கையை நீட்டுனா எங்க படையில திட்டுவாங்க." திட்டுவார்களாம். வலது கையை நீட்டினால் திட்டுகிற ஒரு கூட்டம் இந்த உலகத்தில் இருக்கிறதாம். அன்றைக்கு அதையே திரும்பத் திரும்பக் கேட்டான், திட்டுவாங்களா, நிஜமாவே திட்டுவாங்களா என்று. மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து, "அப்பனுக்கும் மகனுக்கும் கிறுக்குப் பிடிச்சுப்போச்சு" என்றாள். கிறுக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு முகாமுக்குப் போகும்போதும் வரும்போதும் பஸ் ஸ்டாண்டில், நாலு பேர் பார்க்க, அப்பனும் மகனும் இடது கை கொடுத்துக்கொள்வார்கள். எப்போதிலிருந்து நின்றது அது? பத்தாம் வகுப்பிலா? மீசை அரும்பிய பிள்ளைகள் அப்பனுக்குக் கை கொடுக்க மாட்டார்கள் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டான். இப்போது அந்தச் சமாதானத்தை எடுத்துப் பார்த்தால் அடியில் ஏதோ அரித்திருப்பது போலிருக்கிறது. பையன் செல்போனிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

நிமிரட்டும். இப்போது நிமிர்ந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். எபனேசர் சார் இந்த விருதுக்குப் பையன் எழுதிக்கொடுத்த நாளிலேயே காளிராஜிடம் சொல்லியிருந்தார், கிடைச்சா ஒரு விழா வைக்கணும், அதுல நீங்கதான் பதக்கம் குத்திக் கை குடுக்கணும் என்று. அவருக்கு அது போகிறபோக்கில் சொன்ன பேச்சு. காளிராஜ் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, யாருக்கும் காட்டாமல் வைத்துக்கொண்டான். பையன் முதலுதவிப் பயிற்சி என்று அலைந்தது, மரம் நட்டது, கயிற்றில் முடிச்சுப் போட்டு ஜன்னல் கம்பியெல்லாம் கட்டிவைத்தது, எல்லாம் விருதுக்காக. காளிராஜுக்கு எல்லாம் மேடைக்காக. கோடவுனில் தனியாக இருக்கும் மத்தியான நேரங்களில் பழைய சட்டை ஒன்றை ஆணியில் மாட்டி, ஊக்கை ஒரே கையால் குத்திப் பழகினான். நடுவிரலால் துணியைத் தூக்கிக்கொண்டு, கட்டைவிரலால் ஊசியைத் தள்ளி, ஆள்காட்டி விரலால் மூட வேண்டும். ஊசி நகக்கண்ணில் ஏறி எத்தனையோ முறை ரத்தம் பார்த்தாயிற்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு குத்துவான். அப்புறம் அந்த மேடை. மேடையை அவன் மனசுக்குள் கட்டிக் கட்டிப் பார்த்திருக்கிறான். முதல் வரிசையில் பெரியம்மா, கிண்ணத்தை வாங்கிக்கொண்ட பெரியம்மா. இலையை நகர்த்தினவர்கள் எல்லாரும் அவள் பின்னால். தேன் மருந்துச் சித்தப்பா. எபனேசர் சார் மைக்கில் சொல்வார், இந்த இயக்கத்தில் இடது கைதான் மரியாதை என்று, உலகம் பூராவும் இப்படித்தான் என்று. உடனே இவன் இடது கையை நீட்டுவான், மன்னிச்சுக்கங்க இல்லாமல். பையன் நீட்டுவான். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தரம் பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிடலாம் என்றுகூட நினைத்து வைத்திருந்தான், வயிற்றுக்கோளாறு தீர்ந்துவிட்டது என்று ஊருக்குத் தெரியட்டும் என்று.

"உங்க ஸ்கூல்ல வச்சா உங்க இஷ்டம் சார்" என்றார் தனுஷ்கோடி. குரலை உயர்த்தவே இல்லை. "இது குடும்பத்து விசேஷம். நாலு பெரிய மனுசங்க வருவாக. வியாபாரிகள் சங்கத்துத் தலைவரு வாராரு. நல்ல காரியத்துல பிள்ளைக்கு இடது கையைக் குடுத்தா, என்ன இவன் அபசகுனமா ஆரம்பிக்கிறான்னு நெனைக்க மாட்டாங்களா? அவுங்களுக்கு ஆப்பிரிக்காவத் தெரியுமா, கேடயத்தத் தெரியுமா? வலது கையால குடுப்போம். அம்புட்டுத்தான். இதுல என்ன கொறஞ்சு போகுது?" எபனேசர் சார் காளிராஜைப் பார்த்தார். பார்வை சட்டையின் வலது கைக்கு, மடித்துத் தைத்த அந்த முனைக்குப் போய், டீ டம்ளருக்கு வந்து, தரைக்கு இறங்கியது. ஓ, இவருக்கு இப்போதுதான் உறைக்கிறது. இத்தனை நாளும் அவர் காளிராஜை நினைத்துச் சொல்லவே இல்லை. எல்லா அப்பாக்களுக்கும் சொல்கிற மாதிரி சொல்லியிருக்கிறார். அதுவே எவ்வளவு நன்றாக இருந்தது. "வலது கையும்... தப்புன்னு சொல்ல முடியாது அண்ணாச்சி" என்றார் சார். கழுத்து நரம்பு துடித்தது. "அப்படின்னா அப்பாவுக்குப் பதிலா..." "நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் தனுஷ்கோடி. "காது குத்துனதே என் மடியில வச்சுத்தான். தாய்மாமன் குத்தாத பதக்கமா?" மாரீஸ்வரி சிரித்தாள். அண்ணன் சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அண்ணன் சொல்றதும் சரிதான். ஊசியக் குத்துறது அது இதுன்னு, இவுக ஏன் மேடையில கெடந்து சிரமப்படணும்" என்றாள். சிரமம். அவள் அன்போடுதான் சொல்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. கெட்ட எண்ணத்தோடு யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், இந்த அறையில் இருந்தால் எழுந்து சண்டை போட்டிருப்பான்.

தனுஷ்கோடியோடு சண்டை போட முடியாது. அந்தக் கையை அன்றைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவர் அவர். மெஷின் மேடையிலிருந்து எடுத்து, தன் துண்டில் சுற்றி, பாலிதீன் பைக்குள் போட்டு, எதிரே ஜூஸ் கடையில் ஐஸ் கட்டியைப் பிடுங்கிக்கொண்டு, காரில் முன்சீட்டில் அதை மடியில் வைத்தபடி மதுரைக்கு வந்தவர். பின்சீட்டில் காளிராஜ் கிடந்தான். வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பி, "ஒண்ணுமில்ல மாப்ள, ஒட்ட வச்சிரலாம், இப்பல்லாம் ஒட்ட வச்சிர்றாங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒட்டவில்லை. நசுங்கிப்போயிற்று என்றார்கள். அதற்குப் பிறகு அந்தப் பை என்ன ஆனது என்று காளிராஜ் இன்றுவரை கேட்டதில்லை. புதைத்தாரா, எரித்தாரா, ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தாரா. எங்கேயோ ஓர் இடத்தில் தன்னுடைய கை இருக்கிறது, அது எங்கே என்று இந்த சோபாவில் உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு மட்டும் தெரியும். அப்படிப்பட்டவரிடம் போய், மச்சான், இருக்கிற கையையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி என்று கேட்பதா? நன்றி கெட்டவன் என்பார்கள். நன்றி இருக்கிறது. தினமும் இருக்கிறது, காலையில் பல் துலக்கும்போதிலிருந்து இருக்கிறது. நன்றியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எவ்வளவு காலம்தான் குனிந்தே நிற்பது? சில நேரம், கார் மெதுவாகப் போயிருக்கலாம், அந்த ஆள் ஓடாமல் இருந்திருக்கலாம், அப்படியானால் அவர்மேல் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்கலாம் என்று தோன்றும். தோன்றியதும் உடம்பு கூசும். இப்போதும் கூசியது. டீ ஆறி, மேலே ஆடை படர்ந்துவிட்டது.

"என்ன மாப்ள, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?" கேட்டுவிட்டார். கேட்பார் என்று தெரியும். தனுஷ்கோடி யாரையும் கேட்காமல் எதையும் செய்ய மாட்டார், எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கேட்பார். இப்போது சொல்ல வேண்டும். இருக்கு மச்சான் என்று இரண்டு வார்த்தை. வாய் திறந்தது. "அதுக்கென்ன மச்சான், நீங்க செஞ்சா என்ன, நான் செஞ்சா என்ன" என்றான் காளிராஜ். எவ்வளவு சரளமாக வருகிறது. பந்தி மறுத்துப் பழகின வாய். ஆனால் சொல்லும்போதே கண் பையனிடம் போய்விட்டது. அவன் சொல்வான். நான் விட்டுக்கொடுத்தது மரியாதைக்கு. அவன் விட மாட்டான். சாரணன் நம்பிக்கைக்குரியவன், அதுதான் முதல் விதி. சாரணன் தைரியமுள்ளவன், அது கொஞ்சம் பின்னால் வரும். பையன் மனப்பாடம் செய்கிறபோது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு விதி ஒவ்வொன்றையும் கேட்டவன் காளிராஜ்தான், அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். "பந்தி நம்ம மாப்ள பொறுப்பு" என்றார் தனுஷ்கோடி, ஏதோ சீர் வரிசை கொடுக்கிற மாதிரி. "நம்ம ஆளு ஒருத்தர் நின்னு பார்த்தாத்தான் சமையக்காரன் ஒழுங்காப் பரிமாறுவான். என்ன விமலு, மாமா சொல்றது சரிதான?" விமலேஷ் நிமிர்ந்தான். முதலில் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்பதைத்தான் காளிராஜால் அப்புறம் பிரிக்கவே முடியவில்லை. "சரி மாமா" என்றான் பையன்.

சரி மாமா. அவ்வளவுதான். அதற்குள் தனுஷ்கோடி எழுந்துவிட்டார், எழுந்திரிடா ஒருக்கா செஞ்சு பார்ப்போம், மேடையில போய்த் தடுமாறக் கூடாது என்று. பையனை எதிரில் நிறுத்தி, சட்டைப்பையில் பதக்கம் குத்துகிற மாதிரி விரலால் பாவனை செய்து, வலது கையை நீட்டினார். பையனுக்கு இடது கை எழுந்தது. "டேய்" என்று சிரித்தார் மாமா. எபனேசர் சாரும் சிரித்தார், பாவம், அவர் சிரித்திருக்க வேண்டாம். மறுபடியும். இந்தத் தரமும் இடது கைதான் எழுந்தது, பாதி வழியில் மாறியது. "கேமராவப் பாத்துக் குடு" என்று மாரீஸ்வரி செல்போனைத் தூக்கிப் பிடித்தாள். மறுபடியும். இந்த முறை தடுமாற்றமில்லை. மாமாவின் மோதிரக் கையும் பையனின் கையும் சேர்ந்து நன்றாகக் குலுங்கின, படத்தில் நன்றாக வந்திருக்கும். மறுபடி, மறுபடி. நான் சரி என்றதால்தான் அவன் சரி என்றான். அவன் மாட்டேன் என்பான் என்றுதான் நான் சரி என்றேன். இல்லை, அவன் என்னைப் பார்த்தது அனுமதி கேட்கத்தான், நான் கண்ணாலாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால்? சொல்லியும் அவன் சரி மாமா என்றிருந்தால்? அதற்குப் பயந்துதான் கண்ணைத் தாழ்த்தினேனோ? தாழ்த்தினேனா? அல்லது பையனுக்கும் நல்லாருக்காதா, எல்லாப் பிள்ளைகளும் பார்க்கிற மேடையில், ஒற்றைக் கை அப்பன் ஊக்கை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுவது? பஸ் ஸ்டாண்டில் கை கொடுப்பது எப்போது நின்றது? ஒன்பதாம் வகுப்பு, இல்லை பத்து. அந்த முகாமுக்குப் போகும்போது அவனுடைய சிநேகிதர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள், இவன் கையை நீட்டினான், பையன் "சரிப்பா வாரேன்" என்று ஏறிவிட்டான். பை கனம், அவசரம், டிரைவர் ஹாரன் அடித்தான். டிரைவர் ஹாரன் அடித்தானா? காளிராஜ் எழுந்து டம்ளரை ஜன்னல் திண்டில் வைத்தான். கடைக்குப் போய்வருகிறேன் என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னான். யாருக்கும் காதில் விழவில்லை, மாரீஸ்வரி எடுத்த படத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள்.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் கதவு அசைந்தது. விமலேஷ். நெற்றியில் வேர்த்திருந்தது. தெருவில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டு போனார்கள். "எங்கப்பா போறீங்க?" "சும்மா. கடைவரைக்கும்." பையன் கதவுத் தாழ்ப்பாளை மேலும் கீழும் ஆட்டினான். "நீங்க சரின்னீங்கல்ல. அதான் நானும்." "ஆமா. நான்தான் சரின்னேன்." "வருத்தமாப்பா?" "எனக்கென்ன வருத்தம்? மாமா செஞ்சா என்ன?" என்றான் காளிராஜ். மனசுக்குள் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது, கேளுடா, இன்னொரு தரம் கேள், இன்னொரு தரம் கேட்டால் சொல்லிவிடுவேன் என்று. பையன் கேட்கவில்லை. கேட்டதற்கு மேல் ஒன்று செய்தான். "அங்க மாமா செய்யட்டும்ப்பா. அது சும்மா படத்துக்கு. நாம இப்ப இங்க குடுத்துக்குவோம். இதுதானப்பா நெசம்" என்று சொல்லி, கையை நீட்டினான்.

வலது கையை நீட்டினான். உள்ளே பழகிவந்த கை. அப்பனும் மகனும் அதைப் பார்த்தார்கள். விமலேஷின் முகம் வெளுத்துப்போயிற்று. சுட்டுக்கொண்டவன் மாதிரி அதை இழுத்துக்கொண்டு, இடது கையை நீட்டினான். "தெரியாமப்பா... தெரியாம வந்துருச்சு." தெரியாமல்தான் வந்தது. காளிராஜுக்கு அது தெரியும். தெரிந்தால் என்ன, தெரிந்தே நீட்டியிருந்தால்கூட ஒரு கோபத்தில் சேர்த்துவிடலாம். பிடித்துவிடு, குழந்தைதானே, பிடித்துவிடு என்று ஏதோ ஒன்று சொல்லியது. யாருமில்லாத வாசலில், கதவைச் சாத்திக்கொண்டு கொடுக்கிற கை என்று இன்னொன்று சொல்லியது. பஸ் ஸ்டாண்டில் கொடுத்தாயே, நாலு பேர் பார்க்க. இத்தனை வருஷம் ஊரார் ஒதுக்கினார்கள், அது ஊரார். இது நான் பெற்றது. இவ்வளவு கசப்பு தனக்குள் எங்கே இருந்தது என்று அவனுக்கே பயமாக இருந்தது. பையனின் கை அந்தரத்தில் நின்றது. காளிராஜ் தன் கையைச் சட்டைப்பைக்குள் விட்டு, இல்லாத சாவியைத் தேடினான்.

"உள்ள போ" என்றான். "மாமா கூப்பிடுறாரு."

யாரும் கூப்பிடவில்லை. அது விமலேஷுக்கும் தெரியும். நீட்டிய கையை இறக்கிக்கொண்டு, உள்ளே போனான்.